குவிமாடத்துக்கு இடது பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ஒரு மீசையிலிருந்து வந்தது என்றுதான் சொல்லவேண்டும். நரைத்த மீசை, அகலமானது. அதைத் தொலைநோக்கியில் பார்த்தது ஒரு ஹாலந்துக்காரி. பார்த்ததோடு நிற்காமல் கீழே இறங்கி வந்து சொல்லியும் விட்டார். அவர் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் எல்லாம் முன்போலவே நடந்துகொண்டிருக்கும். நானும் வேறு கதை எழுதிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு என்றால் பொலோஞா நகரத்தில், தூண்வைத்த தாழ்வாரங்கள் விடாமல் ஓடும் ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கும் தங்கும் விடுதி. சில அறைகள், ஒரு மொட்டைமாடி. நடத்துவது யொலாந்தா அக்காவும் அவர் தம்பி இவானோவும். நான் இங்கே ஒரு வாரம் தங்க வந்தவள். அன்று கொண்டுவந்த பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, ஆனால் அதில் இப்போது யொலாந்தா அக்காவின் குளிர்காலப் போர்வைகள். காலைச் சாப்பாட்டுக்கு மேஜை போடுவேன், அறை கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவேன், மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுவேன். எழுதியதைச் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பாஷையில் சொல்லிக்காட்டுவேன். என் கதைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் எல்லாவற்றையும் கேட்டவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

(யொலாந்தா அக்கா தம்பியை 'டா' போட்டுப் பேசுவதாக இனி எழுதுவேன், இத்தாலியில் ஏது டா என்று கேட்காதீர்கள். அவர் சொன்ன சொல் வேறு. ஆனால் அவர் சொன்னது டாதான்.)

எண் போட்டு எழுதுவது என் வழக்கமில்லை. இந்தக் கதையில் ஓர் ஆளை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கே நிறுத்தினேன் என்பது எனக்கே மறந்துவிடக்கூடாது, அதற்காகத்தான் எண்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"காலை வெயில், பாதி கட்டி விடப்பட்ட தேவாலயத்தின் முகப்பில் விழுந்துகொண்டிருந்தது. இவானோ புறாக்களைக் கலைத்தபடி பெரிய சதுக்கத்தின் குறுக்கே நடந்து"

அவ்வளவுதான் படிக்க முடிந்தது. இவானோ சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எங்க நடக்கிறேன்?"

"சதுக்கத்துல."

"சதுக்கத்துல எங்க?"

"குறுக்க."

யொலாந்தா அக்கா சிரிப்பை அடக்க வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டார்.

"கதைலதானே இவானோ," என்றேன்.

"கதைன்னா? காலு என்னுதுதானே?"

"வேணும்னா பேரை மாத்திடறேன்."

"தாராளமா மாத்துங்க. அப்ப அது வேற எவனோ. அவன் எங்க வேணா நடந்துட்டுப் போகட்டும்."

"சரி, கிழிச்சுப் போட்டுடறேன்."

"ஐயோ, கிழிச்சா நான் நடுச் சதுக்கத்துலயே நின்னுடுவேனே. முதல்ல வந்த வழியே என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க எழுத்தாளரே. அப்புறம் கிழிங்க."

அன்று சாயங்காலம் உட்கார்ந்து, இவானோ பின்பக்கமாகவே நடந்து சதுக்கத்து ஓரத்துக் காப்பிக் கடை வாசலுக்குத் திரும்பியதாக ஒரு பத்தி எழுதினேன். கலைந்த புறாக்களையும் மறுபடி உட்கார வைத்தேன். பிறகுதான் கிழித்தேன். உங்கள் கையில் இருக்கும் இந்தக் கதையில் அந்த வரி தப்பிப்போய் இரண்டாம் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அதைக் கடக்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் பட்டம் வாங்கும்வரை இரண்டு காரியம் செய்யமாட்டார்கள். பெரிய சதுக்கத்தை மூலைக்கு மூலை குறுக்கே கடக்கமாட்டார்கள். உயரக் கோபுரத்தில் ஏறமாட்டார்கள். செய்தால் பட்டம் கிடைக்காது. பட்டம் வாங்கின அன்றைக்கே தலையில் இலைக் கிரீடத்தோடு இரண்டையும் ஒரே மூச்சில் செய்து தீர்த்துவிடுவார்கள்.

இவானோ இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. வயது ஐம்பத்தெட்டு.

3

அவரைக் கேலிப் பாத்திரமாக ஆக்கிவிடக்கூடாது என்று ரொம்பக் கவனமாக இருக்கிறேன். ஆனாலும் பாருங்கள், போன வரியிலேயே நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

பரீட்சைகளை எல்லாம் அவர் உரிய காலத்திலேயே எழுதித் தேறிவிட்டார். பாக்கி ஓர் ஆய்வேடுதான். அந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார், விடுதி இவர்கள் தலையில் விழுந்தது. அடுத்த வருஷம் முடித்துவிடலாம் என்று தொடங்கியது, வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைந்துகொண்டே இருக்கிறது. ஆய்வு இந்த ஊர்த் தாழ்வாரங்களைப் பற்றியது. அவருக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று நானே கேட்டிருக்கிறேன். மழைக்காலம் முழுக்கக் குடையில்லாமல் ஊரைச் சுற்றலாம், அவ்வளவு நீளத்துக்கு அவை போகின்றன. ஒரு தூணைப் பற்றி எழுதினால் பக்கத்துத் தூண் கோபித்துக்கொள்ளும் என்பார். ஆய்வேட்டுக்கு முடிவுரை மட்டும் வரவில்லை. முதல் பேராசிரியர் ஓய்வு பெற்றார், இரண்டாமவர் வேறு ஊர் போனார். இப்போது இருப்பவர் பெனெதெத்தா ஞூதி, ஒரு காலத்தில் இவரிடம் பாடக் குறிப்புக் கடன் வாங்கின சின்னப் பெண். தெருவில் பார்த்தால் அவர்தான் கெஞ்சுவார்.

"இவானோ அண்ணே, முடிவுரைகூட வேணாம். ஒரு முற்றுப்புள்ளி வச்சுக் கொண்டாங்க. நான் ஓய்வு பெறறதுக்குள்ள."

"கடைசி ஒரு தெரு பாக்கி இருக்கும்மா."

"அது போன தடவையும் பாக்கி இருந்துச்சு அண்ணே."

விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அவர் காட்டினால் சுவர்கூடப் பேசும். சதுக்கம் வந்தால் மட்டும் ஓரமாகவே இரண்டு பக்கம் சுற்றி எதிர்மூலைக்குக் கூட்டிப்போவார். வாத்துக்குஞ்சுகள் மாதிரி எல்லோரும் பின்னால் போவார்கள். உயரக் கோபுரம் வந்தால் அடிவாரத்தில் நின்று எல்லோருடைய பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பாடத்தைச் சொல்வார்.

"மேல போனதும் தெற்கப் பாருங்க. பச்சைக் குவிமாடம் ஒண்ணு தெரியும். அதுக்கு வலது பக்கம், ஒரு மாடில சிவப்பாத் தெரியும். அதான் நம்ம வீடு. எங்க அக்கா மேஜைவிரிப்ப வச்சு ஆட்டிக்கிட்டு நிப்பா. நீங்களும் கை ஆட்டணும், இல்லேன்னா ராத்திரி சூப்பு கிடைக்காது."

அவர்கள் படியேறத் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். யொலாந்தா அக்கா மாவுக் கையோடு சிவப்பு விரிப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவார். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: பார்த்தோம், ஆட்டினோம், அவங்களும் ஆட்டினாங்க.

ராத்திரி சூப்பு ஊற்றும்போது யொலாந்தா அக்கா எல்லோரிடமும் ஒன்றையே கேட்பார்.

"தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சீங்களே, நல்லாத் தெரிஞ்சீங்க."

அன்றைக்கு அவர் சூப்பில் அள்ளி வைக்கிற தொர்த்தெல்லினி என்ற குட்டி இறைச்சிக் கொழுக்கட்டையில் ஒரு கை கூடுதலாக விழும்.

4

ரென்ஸ்கே என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது.

ஓய்வு பெற்ற கார் ஓட்டும் பள்ளி ஆசிரியை, ஹாலந்தின் வடக்கு மூலையிலிருந்து வருகிறார், பறவை பார்க்கிற தொலைநோக்கி கழுத்தில் தொங்குகிறது. கதைக்கு எது வேண்டுமோ அதையெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற பாத்திரத்தை வாசகர் நம்பமாட்டார். மாற்றிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவரைப் பல் மருத்துவர் ஆக்கினேன். மீசையைப் பற்றிப் பேசாமல் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் தொலைநோக்கியைப் பிடுங்கிவிட்டேன். வந்தார், சாப்பிட்டார், கை ஆட்டினார், போய்விட்டார். கதையே இல்லை. ஆகையால் உண்மையில் வந்த ஆளையே அப்படியே விட்டுவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

5

வந்த முதல் நாள் ராத்திரியே அவருக்கும் யொலாந்தா அக்காவுக்கும் முட்டிக்கொண்டது.

"உங்க ஊர்ப் பேர்ல ஒரு ஸ்பகெத்தி உண்டே, இறைச்சிக் குழம்போட. அது கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம்," என்றார் அக்கா.

"நல்லது. எப்ப?"

"நீங்க உங்க ஊருக்குத் திரும்பிப் போனதும். அது அங்கதான் கிடைக்கும். இங்க தல்யதெல்லேதான், அகல நாடா. குழம்பு ஒட்ட வேண்டாமா?"

ரென்ஸ்கே அந்த நாடாவை முள்கரண்டியில் சுற்றி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "மன்னிச்சுக்குங்க," என்றார். அதோடு இருவரும் சிநேகிதம்.

அடுத்த நாள் தூறல். இவானோ அவரைப் பல்கலைக்கழகத் தெரு, மீன் சந்து, பழைய நூலகம் என்று கூட்டிப்போனார். நானும் அன்று பாலாடைக்கட்டி வாங்கக் கூடப் போனேன். ஒவ்வொரு தடவையும் சதுக்கத்தின் ஓரமாகச் சுற்றிப் போனோம். மூன்றாவது தடவை ரென்ஸ்கே நின்றுவிட்டார்.

"நம்ம இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்குப் போகணும். சரியா?"

"சரி மேடம்."

"நேரா போனா பக்கம். நீங்க எல் எழுத்து மாதிரி போறீங்க. ஏன்?"

"ஓரத்துல நிழல் இருக்கும் மேடம்."

"மழை பெய்யுது."

"அதான், தாழ்வாரத்துல நனைய மாட்டோம்."

"இந்தப் பக்கம் தாழ்வாரம் இல்ல. நம்ம நனைஞ்சுக்கிட்டிருக்கோம்."

இவானோ தேவாலயத்தின் முகப்பைக் காட்டி, மேல்பாதிக்குச் சலவைக்கல் வைக்காமலே எத்தனை நூற்றாண்டாக விட்டுவிட்டார்கள் தெரியுமா என்று பேச்சை மாற்றினார். பாதியில் விட்ட காரியங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு பாசம் வரும்.

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கோபுரத்தின் அடியில் நின்று பையை வாங்கிக்கொண்டு பாடத்தைச் சொன்னார். பச்சைக் குவிமாடம், வலது பக்கம், சிவப்பு. ரென்ஸ்கே தொலைநோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு ஏறினார். கிட்டத்தட்ட ஐநூறு மரப்படி. நானும் இவானோவும் பக்கத்துக் குட்டைக் கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தர்க்கம் பண்ணிக்கொண்டு நின்றோம். (நான் ஏன் ஏறவில்லை என்றால் முழங்கால். எனக்குப் பட்டம் இருக்கிறது.)

இறங்கி வந்த ரென்ஸ்கே மூச்சு வாங்கி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு கேட்டார்.

"உங்க அக்காவுக்கு மீசை உண்டா?"

"என்ன மேடம்?"

"குவிமாடத்துக்கு வலது பக்கம், நீங்க சொன்ன அதே இடம். சிவப்புப் பூந்தொட்டி வரிசையா இருக்கு. கை ஆட்டினா, பதிலுக்கு ஆட்டினது ஒரு ஆம்பிளை. பெரிய மீசை. பனியன் போட்டிருக்காரு."

இவானோ பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இடது பக்கம் ஒரு மாடில ஒரு அம்மா சிவப்புத் துணிய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க," என்றார் ரென்ஸ்கே. "மேல நிறைய பேரு இருந்தோம். யாரும் அந்தப் பக்கம் திரும்பல."

"வலதுதான் மேடம். நான் தினமும் எங்க மாடிலேர்ந்து பாக்கிறேனே. குவிமாடம் எனக்கு இடக்கைப் பக்கம், எங்க வீடு வலது."

"அது உங்க மாடிலேர்ந்து. எதிர்ல நிக்கிறவருக்கு மாறும். என்கிட்ட கத்துக்க வர்ற எல்லாரும் முதல் நாள் பண்ற தப்பு இது. மேல ஒரே ஒரு தடவை நின்னு பாத்திருந்தாக்கூட யாரும் பண்ண மாட்டாங்க." கோபுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏறினதே இல்ல, இல்லையா?"

அவருக்கு நான்தான் எல்லாவற்றையும் விளக்கினேன். சதுக்கம், கோபுரம், ஆய்வேடு. இவானோ குட்டைக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க மேடம்."

"பொய் சொல்ல மாட்டேன். கேக்காததையும் சொல்ல மாட்டேன்," என்றார் ரென்ஸ்கே.

6

கேட்டார். எப்படிக் கேட்காமல் இருப்பார்?

சூப்புப் பானையோடு வந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு:

"தெரிஞ்சேனா?"

ரென்ஸ்கே நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சீங்க. ரொம்ப நல்லாத் தெரிஞ்சீங்க. நீல ஏப்ரன். வலது கையெல்லாம் மாவு. நடுவுல ஒரு தடவை கை மாத்தினீங்க."

யொலாந்தா அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கை தொர்த்தெல்லினி கூடுதலாக விழுந்தது.

"பாத்தியாடா, ஏப்ரன்கூடத் தெரிஞ்சிருக்கு. இத்தன வருஷத்துல ஏப்ரனைச் சொன்ன முதல் ஆளு நீங்கதான் மேடம். மத்தவங்க எல்லாம் பூ அழகா இருக்கு, பூ அழகா இருக்குன்னுதான் சொல்வாங்க. எனக்கு ஏது"

இந்த இடத்தில் அந்த வாக்கியம் நின்றது. நான் நிறுத்தவில்லை. அவரே நிறுத்தினார்.

"எனக்கு ஏது பூ?" என்றார் மெதுவாக.

இவானோ சூப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். யொலாந்தா அக்கா ஜன்னலுக்குப் போய்க் குவிமாடத்தையும் அதற்கு அந்தப் பக்கத்துத் தெருவையும் பார்த்தார். அங்கே ஓய்வு பெற்ற முடிதிருத்துநர் குவால்தியேரோவின் மாடி; வருஷா வருஷம் ஜெரேனியப் பூந்தொட்டிகள் கூடிக்கொண்டே போகிற மாடி. திரும்பி வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா யாருக்குடா கை ஆட்டினேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் இவானோ சமாளித்திருப்பார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ரொட்டிக் கூடையை இங்கிருந்து அங்கே நகர்த்தினேன்.

"நாளைலேர்ந்து இடதுன்னு சொல்றேன் அக்கா. சரியாச் சொல்லிடறேன்."

"யாரு பாத்துச் சொல்லி? மேடம் சொல்லித்தானே? நீ பாத்தியா?"

"நான் எப்படி ஏறுவேன்? பட்டம் வாங்காம"

"அப்ப வாங்கு."

"அக்கா, முடிவுரை"

"ஊரார் பாத்தது போதும்டா. அவங்க அந்த மீசைக்காரனையே பாத்துக்கட்டும். நீ மேல நின்னு என்னைப் பாக்கணும். அதுவரைக்கும் இது வெளிய வராது." மூலையில் கிடந்த சிவப்பு விரிப்பை நாலாக மடித்தார், அலமாரியில் வைத்தார், சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். "அந்தக் குட்டைக் கோபுரம் வேற வருஷா வருஷம் சாயுது. ரெண்டையும் சேத்து மூடிடுவாங்கன்னு கடைல பேசிக்கிறாங்க. மூடினதுக்கப்புறம் நீ பட்டம் வாங்கி எதுல ஏறுவ, நாற்காலி மேலயா?"

ரென்ஸ்கே தன் தட்டை நீட்டினார். "எனக்கு இன்னும் கொஞ்சம் சூப்பு கிடைக்குமா?" என்றார். அதுதான் அந்த மேஜையில் அன்று பேசப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான வாக்கியம்.

7

குவால்தியேரோவுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதினேன், நீக்கிவிட்டேன். சுருக்கமாக: சுற்றுலா வருகிறவர்களுக்குத் தன் பூக்கள் மேல் அவ்வளவு பிரியம் என்று நம்பித்தான் வருஷா வருஷம் தொட்டி வாங்கியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு இருந்தார். "பூவைப் பாத்ததும் நிஜம், கை ஆட்டினதும் நிஜம். அட்ரஸ்தானே தப்பு," என்றார். அதற்குப் பிறகு பனியனோடு மட்டும் நிற்பதில்லை.

8

அந்த வசந்தகாலத்தில் இவானோ தெருவுக்குப் போவதை நிறுத்தினார். புதுத் தூண் எதுவும் கண்ணில் படாமலிருக்க அறையிலேயே உட்கார்ந்தார். ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நீங்க எப்படி முடிப்பீங்க எழுத்தாளரே?"

"நான் எங்க முடிக்கிறேன்? நிறுத்திடுவேன்."

"எங்கன்னு எப்படித் தெரியும்?"

"கால் வலிக்கிற இடத்துல."

எனக்கே அது நல்ல பதிலாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தாழ்வாரத்தை அளந்து எழுதிவிட்டு, 'இத்துடன் நிற்கிறேன். இதற்கு அப்பால் உள்ளவற்றை வாசிப்பவர் நடந்து பார்த்துக்கொள்வார்' என்று எழுதினார். பேராசிரியர் பெனெதெத்தா அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இதான் அண்ணே முடிவுரை. இதுல ஒரு எழுத்த இனிமே தொட்டீங்கன்னா நான் அக்காகிட்ட சொல்லிடுவேன்."

ஆய்வேட்டைப் பற்றி ஆசிரியர்கள் முன்னால் பேச ஜூலையில் நாள் குறித்தார்கள்.

9

இனிமேல் என் பாடு. கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி மேஜைக்குக் கொண்டுபோனேன்.

முதல் முடிவு. பட்டம் வாங்கிய இவானோ கோபுர உச்சியில் நிற்கிறார். குவிமாடத்துக்கு இடது பக்கம் பார்க்கிறார். "நல்லா இருக்கு," என்றார் மேஜையில் எதிரே இருந்த இவானோ. "இப்ப படிக்காதீங்க. கிழிக்கிறதுக்கு முன்னால என்னைக் கீழ இறக்கிடுங்க."

இரண்டாம் முடிவு. முடிவுரை கடைசிவரை வரவே இல்லை. அக்காவுக்காக, பட்டமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று துணிந்து ஏறிவிடுகிறார். யொலாந்தா அக்காவுக்கு இதுதான் பிடித்தது, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இவானோ சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் முடிவு. ஏறுகிறார், ஆனால் மேலே போனால் ஊரெல்லாம் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. இலக்கியத்தரமான முடிவு, எனக்கு ரொம்பப் பெருமை. போனில் கேட்ட ரென்ஸ்கே, "ஜூலைல ஏது பனி?" என்றார். கதை முடிந்தது.

(நான்காவதாக ஒன்று இருந்தது. அதில் எழுத்தாளரே முழங்காலைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறி, பார்த்துவிட்டு வந்து, எல்லோருக்கும்)

வேண்டாம்.

"எல்லா முடிவுலயும் நான் மேல நிக்கிறேன்," என்றார் இவானோ மறுநாள். "எழுத்தாளரே, நான் இன்னும் கீழதான் நிக்கிறேன். எல்லாம் கூடி வர்ற நேரத்துல ஒரு படி, ஒரே ஒரு படி நீங்க என்னை ஏத்திட்டீங்கன்னா என் உழைப்பெல்லாம் போச்சு. கெஞ்சிக் கேட்டுக்கிறேன். சதுக்கத்து ஓரத்துல நிறுத்துங்க. காப்பிக் கடை வாசல்ல. அங்கயே இருக்கேன்."

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நான் எழுதினால் நடந்துவிடும் என்று இவ்வளவு உறுதியாக நம்பிய வாசகர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. அவர் தமிழும் படிக்கமாட்டார்.

10

இப்போது நான் பல்கலைக்கழகக் கட்டடத்தில், மூடிய ஒரு கதவுக்கு வெளியே, கல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ரென்ஸ்கே. இதற்கென்றே ரயில் ஏறி வந்திருக்கிறார். அவர் மடியில் பட்டதாரிக்கான இலைக் கிரீடம். நம் ஊர் பிரிஞ்சி இலை மாதிரியான இலைதான். யொலாந்தா அக்கா இறைச்சிக் குழம்பில் போடுவதும் இதையே. நடுநடுவே சிவப்பு ஜெரேனியம் செருகியிருக்கிறது, குவால்தியேரோவின் உபயம். தாழ்வாரமெங்கும் வாலிபப் பிள்ளைகள், அவர்கள் அம்மாக்கள், பூங்கொத்துகள். யொலாந்தா அக்கா வரவில்லை. "நானும் அங்க வந்துட்டா மாடில யாருடி நிப்பா?" என்று கேட்டுவிட்டு, காலையிலேயே அலமாரியைத் திறந்து விரிப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். வெயிலில் நிற்காதீர்கள், நேரம் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருஷம் தப்பான ஆளுக்காக நின்றேன், இன்றைக்கு ஒரு நாள் சரியான ஆளுக்காக நிற்கிறேனே என்றார்.

கதவு திறந்தது. இவானோ. பேசி முடித்துவிட்டார், முடிவைச் சொல்லக் கூப்பிடும்வரை வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"எப்படிப் போச்சு?" என்றார் ரென்ஸ்கே.

"ஒரு தூணைப் பத்தி மட்டும் கேட்டாங்க மேடம். மணிக்கணக்காச் சொல்லியிருப்பேன், பெனெதெத்தா மேஜைக்கு அடில காலை மிதிச்சா."

கிரீடத்தைப் பார்த்தார். தொடவில்லை. தொடக்கூடாது. என் தாள்களை எட்டிப் பார்த்தார்.

"நான் இப்ப எங்க இருக்கேன்?"

"சதுக்கத்து ஓரத்துல. காப்பிக் கடை வாசல்ல."

"நகரலயே?"

"ஒரு அடிகூட."

"நல்லது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரி?"

"நீங்கதான் எழுத விட மாட்டேங்கறீங்களே."

கொஞ்சம் யோசித்தார். "இதைப் படிக்கிறவங்க எல்லாம் பட்டம் வாங்கினவங்களா?"

"சிலர் வாங்கியிருப்பாங்க. சிலர் இந்த ஊர்ல படிக்கவே இல்லை, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப அவங்க போகட்டுமே எழுத்தாளரே. அவங்க ஏறட்டும். அக்கா தனியா நிக்கிறா."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, போனார். கதவு சாத்தியாகிவிட்டது. ரென்ஸ்கே கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல. உள்ளே என்ன சொல்லப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் வெளியே வந்து கிரீடத்தைத் தலையில் வைக்கும்வரை எழுதமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் போங்கள். சதுக்கம் காலியாக இருக்கிறது, தாராளமாகக் குறுக்கே நடக்கலாம். காப்பிக் கடை வாசலில் நிற்கிற ஆளை மட்டும் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். கோபுரத்தின் படி செங்குத்து, நிதானமாக ஏறுங்கள். மேலே போனதும் தெற்கே பாருங்கள், பச்சைக் குவிமாடம் தெரியும். வலது பக்கம் பூந்தொட்டிகளும் இஸ்திரி போட்ட சட்டையும் தெரிந்தால் அவருக்கும் ஒரு கை ஆட்டுங்கள், பாவம், பழகிவிட்டார். பிறகு இடது பக்கம் திரும்புங்கள். நீல ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா சிவப்புத் துணியோடு காலையிலிருந்து நிற்கிறார். இவானோ வரும்வரை, வருவதாக இருந்தால், அவருக்குத் துணையாக ஆட்டிக்கொண்டிருங்கள்.

இறங்கி வந்ததும் அவர் உங்களைக் கேட்பார், தெரிஞ்சேனா என்று. அதற்கு நான் பதில் எழுதி வைக்கவில்லை. பார்த்தவர் நீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.